ஏ.எஃப். என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவருக்கு ஸ்ட்ரோக் வந்த பிறகு ரத்தம் இளக்கும் மாத்திரை: எது, எப்போது, எவ்வளவு?

போன ஐப்பசியில், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், நனைந்த ஸ்வெட்டரோடு ஒரு தம்பி கடைக்கு வந்து ரத்தம் இளக்கும் மாத்திரையின் காலி அட்டை ஒன்றை மேசைமேல் வைத்தார். ஏ.எஃப். இருந்த அம்மாவுக்கு ஸ்ட்ரோக். வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, கோயம்புத்தூரில் சேர்த்து நான்கு நாள் ஆகிறது. மாற்றுத் துணி எடுத்துப் போக ஊருக்கு வந்தவர் வழியில் என்னிடம் வந்திருக்கிறார். "அண்ணே, ஒரு நாள்கூட விடாமத்தான் அம்மா இதைச் சாப்பிட்டாங்க. படபடப்பு நின்னே ரெண்டு வருஷம் ஆச்சு. அப்படியும் வாய் கோணிப் போச்சுன்னா இது வேலை செய்யலைன்னுதானே அர்த்தம்? இதைவிடப் பவர் கூடினது இருக்கா?"

கோத்தகிரியில் 19 வருடமாக மருந்துக் கடை நடத்துகிறேன். இதே கேள்வியை வேறு வேறு ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. யாருக்கு எந்த மாத்திரை என்று முடிவு செய்வது மருத்துவர்தான். ஆனால் அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது, அதில் நாம் சொல்ல வேண்டிய தகவல் என்ன என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ தவறுகள் நடக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா இதை எப்போ, எதோட சாப்பிடுவாங்க?" விடியக்காலம் ஐந்து மணிக்கு, எழுந்ததும், தேத்தண்ணியோடு என்றார். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்டத்தில் குடியேறிய குடும்பம், இன்னும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போன காலத்துப் பழக்கம், வேலையிலிருந்து நின்றும் அம்மாவை விடவில்லை. அட்டையில் இருந்தது ரிவராக்சபான் 15 மி.கி. அந்த மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். இதற்குப் பிறகு வருகிறேன்; முதலில் அடிப்படை.

இதயத்தில் நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறை சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குத் தள்ளும், கீழறை உடம்புக்குத் தள்ளும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப்., என்பது மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பது. நிமிடத்துக்கு முன்னூறுக்கும் மேல் தாறுமாறான மின் துடிப்புகள் அங்கே ஓடும். நாடியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்று சீக்கிரம் விழும், அடுத்தது தாமதமாக விழும், எண்ணவே வராது. சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்கல். சிலருக்கு எதுவுமே தெரியாது, ஸ்ட்ரோக் வந்து இ.சி.ஜி. எடுக்கும்போதுதான் தெரியவரும்.

படபடப்பைவிடப் பெரிய ஆபத்து வேறு. இடது மேலறையின் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னப் பை உண்டு. தோட்டத்து ஓடையைப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் தண்ணீர் தெளிவாக ஓடும், ஆனால் கரை உள்வாங்கிய மூலையில் தண்ணீர் நின்று, சருகும் பாசியும் அடை அடையாகச் சேர்ந்திருக்கும். மேலறை சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பையில் ரத்தம் அப்படித்தான் தேங்குகிறது, தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகிறது. வால்வுக் கோளாறு இல்லாத ஏ.எஃப். நோயாளிகளிடம் இடது மேலறையில் காணப்படும் கட்டிகளில் 10-க்கு 9 அந்தப் பையில்தான் இருக்கின்றன. ஒரு துண்டு பெயர்ந்து மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்தால் ஸ்ட்ரோக். ஏ.எஃப். இருந்தால் ஸ்ட்ரோக் வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு கூடுகிறது, வரும் ஸ்ட்ரோக்கும் பெரியதாக இருப்பது வழக்கம்.

படபடப்பு நின்றுவிட்டதே, அப்புறம் ஏன்?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஏ.எஃப்.-க்கான சிகிச்சை இரண்டு தனித்தனிப் பாதைகளில் போகிறது. ஒன்று, துடிப்பைக் கட்டுப்படுத்துவது: மெட்டோப்ரோலால் மாதிரி வேகத்தைக் குறைக்கும் மாத்திரை, அமியோடரோன் மாதிரி தாளத்தைச் சீராக்கும் மாத்திரை, மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்வது, தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் சூடு வைக்கும் அப்ளேஷன். இன்னொன்று, கட்டி உருவாகாமல் தடுப்பது. முதல் பாதை வெற்றி பெற்றால் ஆளுக்கு நிம்மதி, மூச்சு வாங்காது, தூங்க முடியும். ஆனால் அதனால் இரண்டாவது பாதை தேவையில்லை என்று ஆகிவிடாது.

2002-இல் வட அமெரிக்காவில் 4,060 பேரை வைத்து நடத்திய அஃபர்ம் என்ற ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தாளத்தைச் சீராக்கும் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஸ்ட்ரோக் குறையவில்லை. வந்த ஸ்ட்ரோக்குகளில் பெரும்பாலானவை வார்ஃபரின் என்ற பழைய ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கும், ரத்தத்தில் அதன் பலன் போதாமல் இருந்தவர்களுக்கும் வந்தவை. "தாளம் சரியாயிடுச்சு" என்று நினைத்து நிறுத்தியவர்கள் அவர்களில் உண்டு. துடிப்பு சீராக இருப்பதுபோல் தெரியும் நாட்களிலும் ஏ.எஃப். சில மணி நேரம் சத்தமில்லாமல் வந்து போகலாம். தவிர, பல வருடம் நடுங்கி விரிந்து தழும்பு விழுந்த மேலறை, தாளம் திரும்பிவிட்டது என்பதற்காகப் புதிதாகிவிடுவதில்லை.

அதனால் ரத்தம் இளக்கும் மாத்திரை யாருக்கு வேண்டும் என்பதை, இப்போது துடிப்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வதில்லை, ஸ்ட்ரோக் வரும் அபாயத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். அதற்கு ஒரு மதிப்பெண் கணக்கு உண்டு. இதயச் செயலிழப்புக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, ரத்தக் குழாய் நோய்க்கு 1, வயது 65 ஆனால் 1, 75 ஆனால் 2. ஏற்கெனவே ஒரு ஸ்ட்ரோக் வந்திருந்தால் அதற்கு மட்டுமே 2. இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். ஆக, ஏ.எஃப். இருந்து ஒருமுறை ஸ்ட்ரோக் வந்தவர், அப்ளேஷன் செய்து தாளம் சீராகவே இருந்தாலும், ரத்தக் கசிவு போல வலுவான தடை இல்லாதவரை, வாழ்நாள் முழுக்க மாத்திரையைத் தொடர வேண்டியவர்தான்.

ஒரு சின்ன விளக்கம். ரத்தம் இளக்கும் மாத்திரை என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன், ஆனால் ரத்தம் ஒன்றும் தண்ணீராகிவிடுவதில்லை. உறைவதற்கு எடுக்கும் நேரம் கூடுகிறது, அவ்வளவுதான். இந்தப் பொதுப் பெயரால் ஒரு பெரிய குழப்பமும் நடக்கிறது. ஆஸ்பிரினையும் அதே பெயரில்தான் கூப்பிடுகிறோம். ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உதவும். ஏ.எஃப்.-இல் தேங்கிய ரத்தம் உறைவது வேறு வழி, அதில் வேலை செய்பவை உறைய வைக்கும் புரதங்கள். வார்ஃபரின் ஒத்துவராத 5,599 பேரை வைத்து 2011-இல் வந்த அவெரோஸ் ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் வருடத்துக்கு 3.7 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரோக் அல்லது உடம்பில் வேறு இடத்தில் கட்டி அடைப்பு வந்தது. அபிக்சபான் என்ற புது ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1.6 சதவீதம். பெரிய ரத்தக் கசிவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் "பாட்டிக்கு வயசாயிடுச்சு, பவர் கம்மியா ஆஸ்பிரின் மட்டும் போதும்" என்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. பலன் குறைவு, பாதுகாப்பும் கூடவில்லை.

ஸ்ட்ரோக் வந்த பிறகு எந்த நாளில் தொடங்குவது?

முதலில் சி.டி. ஸ்கேன். ஸ்ட்ரோக் என்றால் ரத்தக் குழாய் அடைத்தும் வரலாம், வெடித்தும் வரலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், சிகிச்சை நேரெதிர். வாய் கோணல், கை தொங்கல், பேச்சுக் குழறல் எதைப் பார்த்தாலும் 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், மலையிலிருந்து இறங்கும் நேரமும் அதில்தான் போகிறது. போகும்போது நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், ரத்தம் இளக்கும் மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பதே அந்த ஒரு தகவலில் தொங்கும்.

அடைப்பினால் வந்த ஸ்ட்ரோக் என்று உறுதியான பிறகு, மாத்திரையை அன்றைக்கே ஆரம்பிக்காமல் ஏன் நிறுத்தி வைக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்கள் பதறுவார்கள். ரத்தம் போகாமல் பட்டுப்போன மூளைப் பகுதியில் நுண்குழாய்கள் மெலிந்து கிடக்கும். அந்த நேரத்தில் ரத்தத்தை இளக்கினால் அடிபட்ட இடத்திலேயே கசிவு வரலாம். ரொம்பத் தள்ளிப்போட்டால் அந்தப் பையிலிருந்து இன்னொரு கட்டி கிளம்பலாம். இரண்டு பக்கமும் பயம். அதனால் பல வருடம் 1-3-6-12 என்று ஒரு கைக்கணக்கு வைத்திருந்தார்கள்: வந்து உடனே சரியாகிவிட்டால் 1-ஆம் நாள், சிறிய ஸ்ட்ரோக் 3-ஆம் நாள், நடுத்தரம் 6, பெரியது 12. அது அனுபவக் கணக்கு, பரிசோதித்துப் பார்த்து வந்தது இல்லை.

பரிசோதித்துப் பார்த்தது சமீபத்தில்தான். 2023-இல் எலான் என்ற ஆய்வு, 15 நாடுகளில் 2,013 பேர். சிறிய, நடுத்தர ஸ்ட்ரோக் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும், பெரியது என்றால் 6 அல்லது 7-ஆம் நாளிலும் தொடங்கிப் பார்த்தார்கள். மூளையில் கசிவு கூடவில்லை. 2024-இல் பிரிட்டனில் ஆப்டிமாஸ், 3,600-க்கும் மேற்பட்டவர்கள்: 4 நாளுக்குள் தொடங்கியவர்களிலும் 7 முதல் 14 நாளில் தொடங்கியவர்களிலும் கெட்ட விளைவுகள் ஒரே அளவு, 3.3 சதவீதம். இதனால் இப்போது மருத்துவர்கள் முன்பைவிடச் சீக்கிரம் தொடங்கத் தயங்குவதில்லை. ஆனாலும் ஸ்கேனில் அடிபட்ட இடத்தின் அளவு, அதில் ரத்தம் கசிந்திருக்கிறதா, ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இரண்டாம் நாளே கொடுத்தார்களே என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

எந்த மாத்திரை?

முதல் கேள்வி வால்வு. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டவர்களை நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காய்ச்சல் மிட்ரல் வால்வைச் சுருக்கிவிடும், பிறகு ஏ.எஃப். வரும். இப்படி வால்வு நன்றாகச் சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் வார்ஃபரின் அல்லது அதே குடும்பத்து அசினோகுமரால் தான். நம் கடைகளில் அசிட்ரோம் என்று கேட்டு வாங்குவது இந்த இரண்டாவதைத்தான். புது மாத்திரை வசதியாக இருக்கிறதே, இவர்களுக்கும் கொடுத்தால் என்ன என்று 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள், டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய இன்விக்டஸ் ஆய்வு அது. 2022-இல் முடிவு வந்தபோது, பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவு என்று தெரிந்தது. நம் நாட்டு நோயாளிகளுக்கு இவ்வளவு நேரடியாகப் பொருந்தும் ஆய்வு அபூர்வம். எனவே யாராவது "இன்னுமா இந்தப் பழைய மாத்திரை?" என்று கேட்டால் குழம்பிவிடாதீர்கள், வால்வு நோயாளிக்குப் பழையதுதான் சரியானது. ரத்த உறைவு நோய்களில் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு, அதற்கும் பெரும்பாலும் இதேதான்.

வார்ஃபரின் குடும்பத்தின் சிரமம் எல்லோருக்கும் தெரியும்: ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை. அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும் (உலோக வால்வுக்குச் சில சமயம் கொஞ்சம் மேலே). கீழே போனால் கட்டி, மேலே போனால் கசிவு. மாத்திரை மலிவு, ஆனால் எஸ்டேட் லைனிலிருந்து இறங்கி வந்து பரிசோதனை எடுக்கும் பஸ் காசையும் கூட வருபவரின் ஒரு நாள் கூலியையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பாடும் எண்ணை ஆட்டும். வைட்டமின் கே நிறைந்த கீரை, ப்ராக்கோலி, முட்டைக்கோஸ் அதன் வேலையைக் குறைக்கும். கேரட்டும் உருளைக்கிழங்கும் அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கீரையே தொடாதே என்று சொல்லிவிடுகிறார்கள், அது தப்பு. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். கோஸ் விலை இறங்கிவிட்டது என்று ஒரு மாதம் முழுக்க அதையே பொரியல் செய்துவிட்டு அடுத்த மாதம் விட்டுவிடுவதுதான் பிரச்சினை. கொதிக்கவைத்த டீத்தண்ணீரில் வைட்டமின் கே மிகக் குறைவு, வழக்கமாகக் குடிக்கும் டீயைக் குடிக்கலாம். இன்னொன்று: துடிப்புக்காக அமியோடரோன் புதிதாகச் சேர்த்தால் ஐ.என்.ஆர். சில வாரங்களில் மெல்ல மெல்ல ஏறும். துடிப்பு மாத்திரையை எழுதியவர் ஒருவர், அசிட்ரோமை எழுதியவர் இன்னொருவர் என்றால் இரண்டு பேரிடமும் இரண்டு சீட்டையும் காட்டுவது உங்கள் வேலை.

வால்வுப் பிரச்சினை இல்லாத மற்றவர்களுக்குப் புது மாத்திரைகள் முன்னுக்கு வருகின்றன: டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான், எடாக்சபான். ஸ்ட்ரோக்கைத் தடுப்பதில் வார்ஃபரினுக்குக் குறைந்தவை இல்லை, மூளைக்குள் ரத்தக் கசிவு மட்டும் சுமார் பாதியாகிறது. ஒருமுறை ஸ்ட்ரோக் வந்த மூளைக்கு இது பெரிய விஷயம். ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் வார்ஃபரினை நிறுத்தினாலும் அதன் பலன் சில நாள் நிற்கும், இவற்றின் பலன் 12 முதல் 24 மணி நேரத்தில் வடிந்துவிடும். ஒரு வேளை மாத்திரை தவறினாலே பாதுகாப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும்: 75 வயது தாண்டி, உடம்பு தளர்ந்து, பழைய மாத்திரையில் நன்றாகவே இருக்கும் பெரியவர்களைப் புதியதற்கு மாற்றிப் பார்த்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், 2023-இல், மாற்றியவர்களுக்குத்தான் ரத்தக் கசிவு கூடியது. எண் ஒழுங்காக நின்று, ஸ்ட்ரோக்கும் வராமல் இருப்பவரை ஃபேஷனுக்காக மாற்ற வேண்டியதில்லை.

இந்த நான்கில் எது என்பதில் சிறுநீரகம் பெரிய பங்கு வகிக்கிறது. டாபிகாட்ரானில் சுமார் 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், அபிக்சபானில் 27 சதவீதம்தான். அந்தத் தம்பியின் அம்மாவையே எடுத்துக்கொள்வோம். வயது 71, எடை 48 கிலோ, சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் 0.9. ரிப்போர்ட்டில் 0.9 நார்மல் என்றுதான் இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் மாத்திரை அளவுக்கு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று மதிப்பிடும் வேறு கணக்கு. 140-லிருந்து வயதைக் கழித்தால் 69. அதை எடையால் பெருக்கினால் 3,312. 72-ஐ 0.9-ஆல் பெருக்கி வரும் 64.8-ஆல் வகுத்தால் 51. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும், 43 வருகிறது. 50-க்குக் கீழே என்பதால் இவருக்கு ரிவராக்சபான் 20 இல்லை, 15. அளவு சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது.

இதே அம்மாவுக்கு அபிக்சபான் என்றால் கணக்கு மாறும். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியாட்டினின் 1.5 அல்லது மேல்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. இவருக்கு எடை மட்டும்தான் பொருந்துகிறது, அதனால் முழு அளவு, 5 மி.கி. இரண்டு வேளை. ஒல்லியான வயதானவர் என்று பார்த்த மாத்திரத்தில் பயந்து 2.5 எழுதுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அது ஜாக்கிரதை மாதிரித் தெரியும், உண்மையில் பாதி மருந்து. சீட்டில் 2.5 பார்த்தால் இந்த மூன்று கேள்வியையும் தயங்காமல் கேளுங்கள், நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விழுங்க முடியாதவர்களுக்கும் யோசிக்க வேண்டும், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இது சாதாரணம். மூக்கு வழிக் குழாயில் கஞ்சி போகும் ஆளுக்கு அபிக்சபான், ரிவராக்சபான் இரண்டையும் பொடித்துக் கரைத்துக் கொடுக்கலாம், மருத்துவமனையில் முறை சொல்லித் தருவார்கள். டாபிகாட்ரான் கேப்சூலை மட்டும் பிரிக்கவே கூடாது, பிரித்தால் மருந்து உடம்பில் அளவுக்கு மீறி ஏறும். இன்னொரு விஷயம், இங்கே மேலே இருப்பவர்களுக்காகவே சொல்கிறேன்: அந்தக் கேப்சூலுக்கு ஈரம் ஆகாது. நம் வீடுகளில் ஆடி மாதம் தீப்பெட்டியே நமுத்துப்போகிறது. அட்டையிலிருந்து பிரித்து வாரத்துக்கானதை டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், போடும் நேரத்தில் பிரித்தால் போதும்.

மாத்திரை சாப்பிட்டும் வந்துவிட்டதே?

அந்தத் தம்பியின் கேள்வி இதுதான். எந்த மாத்திரையும் ஸ்ட்ரோக்கை முழுதாகத் தடுக்காது, சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது. சாப்பிட்டும் வந்தால் உடனே வேறு மாத்திரைக்குத் தாவுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் தெளிவான காரணம் இல்லாமல் ஒரு புது மாத்திரையிலிருந்து இன்னொன்றுக்கோ, வார்ஃபரினுக்கோ மாற்றுவதை 2024 ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டல் பரிந்துரைக்கவில்லை. கூட ஆஸ்பிரின் சேர்ப்பதையும் பரிந்துரைக்கவில்லை. ஸ்டென்ட் மாதிரி வேறு காரணம் இல்லாவிட்டால் அதில் கூடுவது ரத்தக் கசிவு மட்டும்தான். முதலில் தேட வேண்டியது, ஏன் வந்தது என்பதை.

உண்மையிலேயே சாப்பிட்டாரா? கோபப்படாமல் கேளுங்கள், அட்டையை எண்ணுங்கள். வார்ஃபரின் என்றால் அன்றைய ஐ.என்.ஆர். என்ன? அளவு பாதியாக எழுதப்பட்டிருந்ததா? கூட வேறு மருந்து சேர்ந்ததா? காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபினிடாயின், கார்பமசெபின் எல்லாம் இந்தப் புது மாத்திரைகளை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வலிப்பு வருவது உண்டு, அப்போது ஃபினிடாயின் எழுதப்பட்டால் நரம்பியல் மருத்துவரிடம் இந்த மாத்திரையைச் சொல்லியே ஆக வேண்டும், மாற்று வலிப்பு மருந்துகள் இருக்கின்றன. அப்புறம், இந்த ஸ்ட்ரோக் இதயத்திலிருந்தே வரவில்லையோ என்னவோ: கழுத்து ரத்தக் குழாயில் கொழுப்பு அடைப்பு, வருடக்கணக்கில் அடங்காத பி.பி.-யால் மூளையின் சின்னக் குழாய்கள் அடைவது, உடம்பில் எங்கோ மறைந்திருக்கும் புற்றுநோய். இவற்றுக்கெல்லாம் ரத்தம் இளக்கும் மாத்திரையை மாற்றுவது பதில் இல்லை.

ரிவராக்சபான் 15, 20 மி.கி. என்றால் இன்னொரு கேள்வியும் சேரும், வயிற்றில் என்ன இருந்தது என்பது. வெறும் வயிற்றில் போட்டால் 20 மி.கி.-யில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் உடம்பில் சேர்கிறது, சாப்பாட்டோடு போட்டால் கிட்டத்தட்ட முழுதும் சேர்கிறது. இரண்டு வருடமாக அந்த அம்மா தேத்தண்ணியோடு போட்டுவந்தார். அதனால்தான் ஸ்ட்ரோக் வந்தது என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் சரிசெய்யக்கூடிய ஒன்று கையில் கிடைத்துவிட்டது. இதை ஒரு தாளில் எழுதித் தம்பியிடம் கொடுத்து, வார்டு மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். சொல்லியிருக்க வேண்டும். எழுதியவர், விற்றவர் யாராக இருந்தாலும் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது கவனிக்க வேண்டியதில் நான் முதலில் சொல்வது வலி மாத்திரை. இடுப்பு வலி, முட்டி வலிக்கு டைக்ளோஃபெனாக் இரண்டு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போவது இங்கே அன்றாடம். ரத்தம் இளக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். பாராசிட்டமால் போதும், தாங்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலோ, கீழே விழுந்து தலையில் அடிபட்டாலோ வீட்டில் உட்கார்ந்து பார்க்காதீர்கள். பல் பிடுங்க வேண்டுமென்றால் நீங்களாக நிறுத்தாமல் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மழைக்காலத்தில் தோட்டத்துக்குள் போய் அட்டைப்பூச்சி கடித்தால் மற்றவர்களைவிட நேரமாக ரத்தம் ஒழுகும், பயப்பட வேண்டாம், சுத்தத் துணியை வைத்து அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். அதற்காக அன்றைய மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், இரண்டு வேளை மாத்திரை என்றால் 6 மணி நேரத்துக்குள்ளும், ஒரு வேளை மாத்திரை என்றால் 12 மணி நேரத்துக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம், தாண்டிவிட்டால் அடுத்த வேளைதான். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கசிவு வந்து இந்த மாத்திரைகள் எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அந்த இதயப் பையின் வாயைக் குழாய் வழியாக அடைக்கும் சிகிச்சையும் இருக்கிறது. அது எல்லோருக்கும் இல்லை, மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

இருப்பு முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் மருந்து மேலே வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகிவிடுகிறது. கடைசி அட்டை வரை காத்திருக்காமல், எப்போதும் இரண்டு வாரத்துக்கானது வீட்டில் இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்குக் கழுத்து ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, மருத்துவர்கள் மாத்திரையை மாற்றவில்லை. அதே ரிவராக்சபான் 15, நேரத்தை மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றினார்கள். போன வாரம் தம்பி வந்தபோது இரண்டு மாத அட்டைகளைக் கேட்டு வாங்கினார். சோற்றுத் தட்டு ஓரத்தில் மாத்திரையை வைத்துவிடுகிறாராம், பாதிச் சோறு உள்ளே போனதும் அம்மா வலது கையாலேயே எடுத்துப் போட்டுக்கொள்கிறாராம்.